அம்மா பார்க்காத ஆரம்பங்கள்

லண்டனில் ஒரு வரிசை இருக்கிறது. அதில் முன்னால் நிற்பவரின் முதுகு தெரியாது, பின்னால் நிற்பவரின் மூச்சு கழுத்தில் படாது. லுங்கியோடு பல் தேய்த்துக்கொண்டே நிற்கலாம். கச்சேரி டிக்கெட் வாங்குவதற்கான ஆன்லைன் வரிசையைத்தான் சொல்கிறேன். போன் திரையில் ஒரு குட்டிப் பொம்மை மனிதன் கோட்டின்மேல் நடந்துகொண்டே இருப்பான். உங்களுக்கு முன்னால் இத்தனை ஆயிரம் பேர், தயவுசெய்து பக்கத்தை மூடாதீர்கள் என்று கீழே எழுத்து ஓடும். போன வருடம் ஒரு காலையில் ஈஸ்ட் ஹாமில் என் சமையலறை மேசையில் உட்கார்ந்து, அந்தப் பொம்மை நடப்பதை நானும் அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா விசிட்டர் விசாவில் திருவொற்றியூரிலிருந்து வந்து என்னோடு தங்கியிருந்த சமயம் அது.

“எத்தினி பேரு கீறாங்கோ நம்ளுக்கு முன்னாடி?”

“நாப்பதாயிரம்மா.”

“நாப்பதாயிரம் பேரு நிக்கறான், ஒருத்தன்கூட சவுண்டு வுடல. இன்னா லைனுடா இது!”

பொம்மை கோட்டின் முனைக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டது என்று வந்தது. நான் கையை உதறிக்கொண்டு எழுந்து, வேறொரு இணையதளத்தைத் திறந்தால், அதே அரங்கம், அதே தேதி, அதே இருக்கைகள், ஆறு மடங்கு விலை. அதற்கு மேலே ‘சர்வீஸ் ஃபீ’ வேறு. வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். அம்மாவோ கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, தொழில் தெரிந்தவள் தொழில் தெரிந்தவனைப் பார்க்கிற மாதிரி, மரியாதையோடு அந்தத் திரையைப் பார்த்தாள். “யாருடா அவன்? அதுக்குள்ள எப்பிடி உள்ள பூந்து எடுத்தான்?” என்றாள். ஆளில்லை, மிஷின்தான் வாங்குகிறது, மிஷின்தான் விற்கிறது என்றேன். அது மட்டும் அவளுக்குக் கடைசி வரை புரியவில்லை.

ஏனென்றால் என் அம்மா கன்னியம்மா, பிளாக்கில் டிக்கெட் விற்றவள். ஊரில் இதைப் படிக்கிறவர்களில் திருவொற்றியூர் ஹைரோட்டில் இருந்த தியேட்டர் நினைவிருக்கிறவர்கள் அவளையும் பார்த்திருக்கலாம். இப்போது அந்த இடத்தில் கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. லேடீஸ் கௌண்டரில் கூட்டம் குறைவு என்பதால் எங்கள் சந்தில் இந்த வேலையைப் பெண்கள்தான் செய்தார்கள். அம்மாவும் பக்கத்து வீட்டு கௌரி அக்காவும் கூட்டாளிகள். டிக்கெட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், சாமி பேர் முணுமுணுப்பது மாதிரி “பத்து முப்பது, பத்து முப்பது” என்றபடி நடப்பார்கள். பத்து ரூபாய் டிக்கெட் முப்பது என்று அர்த்தம். புதிதாகக் கல்யாணம் ஆனவனுக்கு மட்டும் பத்து நாற்பது. பொண்டாட்டி பக்கத்தில் நிற்கும்போது எவனும் பேரம் பேச மாட்டான் என்பது கௌரி அக்காவின் கணக்கு. அம்மா அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டாள். “ஒனக்கு மனசே கெடையாதுடீ” என்று சிரித்துக்கொண்டே திட்டுவாள்.

அது நல்ல தொழில் என்று நான் சொல்ல வரவில்லை. காசிமேட்டு லோடுமேன் ஒருவர் பிள்ளைகளைக் கூட்டி வந்து, விலையைக் கேட்டுவிட்டு, அம்மா முகத்துக்கு நேராக மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். மஃப்டியில் வரும் போலீஸ்காரர்கள் முதலில் லத்தியால் போட்டுவிட்டு அப்புறம்தான் பேரே கேட்பார்கள். அடி தலையில் படாமல் அம்மா ஒரு கையைத் தூக்கிக்கொண்டு, மறு கையால் இடுப்பு டிக்கெட்டைப் பொத்திக்கொண்டு, “இனிமே வர்லீங்க சார்” என்பாள். அடுத்த வெள்ளிக்கிழமை அங்கேதான் நிற்பாள்.

ஆனால் அவளிடம் ஒரு நியாயம் இருந்தது. உள்ளே டைட்டில் போட்டுவிட்டால் முப்பது பத்தாகிவிடும். முதல் பாட்டும் முடிந்துவிட்டால் காசே கிடையாது. தியேட்டர் வாசலில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிற எவன் கையிலாவது டிக்கெட்டைத் திணித்து, “போ, போயி குந்து” என்பாள். உள்ளே ஒரு சீட்டு காலியாகக் கிடக்கிறது என்ற நினைப்பை அவளால் தாங்கவே முடியாது.

இதில் அவளுக்கு ஒரு நஷ்டம் உண்டு. படம் ஆரம்பிக்கிற நேரம்தான் அவளுக்கு வியாபார நேரம். இடைவேளை விட்ட பிறகுதான் வாசலில் டிக்கெட் கிழிப்பவர் பாவம் பார்த்து அவளை உள்ளே விடுவார். அப்படியாக எங்கம்மா பார்த்த படங்களுக்கு எல்லாம் முடிவு உண்டு, ஆரம்பம் கிடையாது. யார் செத்தார்கள் என்று தெரியும், ஏன் சண்டை வந்தது என்று தெரியாது. என்னை மட்டும் முதலிலேயே உள்ளே அனுப்பிவிடுவாள், ஆரம்பத்தைச் சொல்வது என் வேலை. ராத்திரிச் சோற்றுக்கு மீன் கழுவிக்கொண்டே, “சொல்லு நைனா, மொதல்ல இன்னா ஆச்சி?” என்பாள். நான் சொல்லச் சொல்ல “உம்... உம்...” என்று உம் கொட்டுவாள். எனக்கு மறந்துபோன இடத்தில் நானாக ஒரு சண்டையை, ஒரு குதிரையைச் சேர்த்துவிடுவேன். அவளுக்குத் தெரிந்துவிடும். “இது நீயா வுடற” என்று சிரித்துவிட்டு, “செரி, மேல சொல்லு” என்பாள்.

லண்டனில் கச்சேரி செய்ய வந்தவர் பழைய சினிமாப் பாட்டுக்காரர். அவர் பாடிய படங்கள்தான் அந்தக் காலத்தில் அம்மாவுக்கு நல்ல வியாபாரம். எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததே அவர் குரலில்தான். ஆனால் பெரும்பாலும் முதல் பாட்டு அவருடையதாக இருக்கும், அதை அவள் தியேட்டர் சுவருக்கு வெளியே நின்றுதான் கேட்டிருக்கிறாள். கச்சேரி செய்தி வந்தபோது என்னிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “உள்ள குந்திகினு, ஆரம்பத்துலேர்ந்து ஒரு தபா கேக்கணும்டா.” என் வாழ்நாளில் எங்கம்மா தனக்கென்று வாங்கித் தரச் சொல்லிக் கேட்டது அது ஒன்றைத்தான்.

ஆறு மடங்கு கொடுத்தே வாங்கிவிடலாம் என்று நான் இருந்தேன். லிஃப்ட் ரிப்பேர் வேலையில் ஓவர்டைம் பார்த்தால் ஆகிவிடும். அம்மாதான் கையைத் தட்டிவிட்டாள். “நானே மூணுக்கு மேல போனது கெடையாது. ஆறாம், ஆறு! பேசாம இரு. அன்னிக்கி நேரா வாசலுக்குப் போவோம். டைட்டில் போட்டா தானா எறங்கும். எறங்காம எங்க போவும்?” நானும் நம்பினேன். படித்திருந்தும், பத்து வருடமாக இந்த ஊரில் குப்பை கொட்டியிருந்தும் நம்பினேன். எனக்குத் தெரிந்த டிக்கெட் நியாயம் அவள் சொல்லிக் கொடுத்ததுதானே.

கச்சேரி அன்று மாலை நல்ல குளிர். அம்மாவுக்குப் புடவைக்கு மேலே இரண்டு ஸ்வெட்டர், காலில் என்னுடைய சாக்ஸ். அரங்கத்து வாசலில் பட்டுப்புடவைகளும் கோட்டுகளும் மல்லிகைப் பூவுமாக ஒரே கூட்டம். அம்மா அந்தக் கூட்டத்தைப் பார்க்கவே இல்லை. விளக்குக் கம்பத்தடியை, சுவர் திரும்பும் முனையை, பஸ் நிறுத்தத்தைப் பார்த்தாள். “இங்க நின்னா ரெண்டு பக்கமும் போலீஸ் வர்றது தெரியும். நல்ல எடம். ஒருத்தனையும் காணோமே” என்றாள். என் போனில் விலை இறங்கவில்லை. நேரம் நெருங்க நெருங்க இன்னும் கொஞ்சம் ஏறியது.

பொறுத்துப் பார்த்துவிட்டு அம்மா தானே இறங்கிவிட்டாள். உள்ளே போகிறவர்களிடம் இரண்டு விரலைக் காட்டி, “டூ? டிக்கெட் டூ?” என்று கேட்டபடி, அந்தப் பழைய நடையில், யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தாள். அவளுக்கு அப்படித்தான் வரும். மஞ்சள் சட்டை போட்ட செக்யூரிட்டி ஒருவர், ஆறடிக்கு மேல் இருப்பார், வேகமாக வந்தார். “இங்கே டிக்கெட் விற்கக் கூடாது, லவ்” என்றார் ஆங்கிலத்தில். இங்கே வயதானவர்களைக் கனிவாக அப்படிக் கூப்பிடுவார்கள். அவள் வாங்கத்தான் வந்திருக்கிறாள் என்று நான் ஓடிப்போய்ச் சொல்வதற்குள், அவர் ரோட்டுப் பக்கம் வழி காட்டுவதற்காகக் கையை நீட்டிவிட்டார்.

அம்மா குனிந்துவிட்டாள். ஒரு கை தலைக்கு மேலே போனது. மறு கை இடுப்பைப் பொத்தியது. அங்கே டிக்கெட் எதுவும் இல்லை, ஒரு கைக்குட்டைதான் இருந்தது. “நோ சார், நோ சார். இனிமே வர்லீங்க சார்” என்றாள்.

அந்த மனிதர் பயந்து இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டார். “நான் தொடவே இல்லை. நீங்கள் பார்த்தீர்கள்தானே? நான் அவரைத் தொடவே இல்லை” என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் மேல் தப்பில்லை. நான் அவருக்கு என்னவென்று விளக்குவது? சாரி சாரி என்றேன். அம்மாவைத் தோளோடு அணைத்துச் சுவரோரம் கூட்டிப் போனேன். ஐயோ, இதற்காகவா இவளை ஏழு கடல் தாண்டிக் கூட்டி வந்தேன்!

அப்போது சுவருக்கு உள்ளே கைதட்டல் எழுந்தது. அப்புறம் அந்தக் குரல். வார்த்தை புரியவில்லை, குரல் மட்டும் செங்கல்லுக்குள்ளிருந்து வந்தது. அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இப்ப பாரு, எறங்கியிருக்கும்” என்றாள். பார்த்தேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கைகள் இன்னும் விற்காமல் இருந்தன, அதே விலையில். போகட்டும் சனியன் என்று ‘வாங்கு’ என்ற பொத்தானை அழுத்தினேன். திரை சுற்றிச் சுற்றி, இந்த நிகழ்ச்சிக்கான விற்பனை நேரம் முடிந்தது என்று வந்தது.

“அப்ப அந்த ரெண்டு சீட்டு?”

“இனிமே யாரும் வாங்க முடியாதும்மா.”

“காலியாவா கெடக்குது? பாடிகினு கீறாரு, சொம்மாவா கெடக்குது?” அவள் அழுதது அப்போதுதான். கிடைக்காமல் போனதற்குக்கூட அவள் அழவில்லை. “யாருனா ஒரு புள்ளைய கூப்ட்டு குந்த வெக்கக் கூடாதா? அவனுக்கு இன்னா கொறஞ்சி பூடும்?” எங்கள் ஊரில் அவள் மேல் மண்ணைத் தூற்றினார்கள். இங்கே யார் மேல் தூற்றுவது? முகமே இல்லையே.

பஸ்ஸில் மாடியில் உட்கார்ந்து திரும்பினோம். பாதி வழியில், ஜன்னலைப் பார்த்தபடியே, “மொதல்ல இன்னா பாடியிருப்பாரு? சொல்லு நைனா” என்றாள். நானும் அவளோடு வெளியேதான் நின்றேன் என்பது அவளுக்குத் தெரியாதா? சொன்னேன். மேடையில் ஒரே ஒரு விளக்கு, அவர் வெள்ளை வேட்டியில் வந்து கும்பிட்டார், முதலில் புல்லாங்குழல், அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார் என்று வீடு வரை சொன்னேன். அம்மா உம் கொட்டிக்கொண்டே வந்தாள். “செரி, மேல சொல்லு.”

விசா முடிந்து ஊருக்குப் போனாள். அந்த ஐப்பசி மழையில் ஒரு நாள் தங்கை போன் செய்தாள். விடியற்காலையில் டீ கொடுக்கப் போனால் அம்மா எழுந்திருக்கவில்லையாம். தூக்கத்திலேயே உயிர் போயிருக்கிறது, பக்கத்தில் யாருமே இல்லையாம். கௌரி அக்காகூட எண்ணூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாளாம்.

விமான டிக்கெட் தேடினேன். இந்த விலையில் இன்னும் இரண்டே இருக்கைகள் என்றது. பெயரைத் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் விலை ஏறிவிட்டது. அவசரம் என்று தெரிந்தால் ஏற்றுகிறார்கள் அம்மா, பத்து நாற்பது கேட்ட உன் கௌரியே பரவாயில்லை என்று அழுதுகொண்டே வாங்கினேன். விமானத்தில் என் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. சென்னையில் மழை என்று பெங்களூரில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து காரில் வந்து, எங்கள் தெருமுனையில் இறங்கி, தெருவில் தேங்கி நின்ற, எண்ணெய் மினுங்கும் மழைத் தண்ணீரில் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். எதிரே ஆண்கள் ஈரத் தலையோடு வந்துகொண்டிருந்தார்கள், சுடுகாட்டிலிருந்து. தங்கை வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். “ஐஸ் பொட்டி ஓடல மச்சான். ரெண்டு நாளா கரண்டு இல்ல. வெச்சிகினு இருக்க முடியல மச்சான்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மட்டும் மிச்சம் இருந்தது. ஒன்றில் உட்கார்ந்தேன். மேலே லண்டன் கோட்டு, முழங்காலுக்குக் கீழே திருவொற்றியூர்த் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பெட்டியில் விமான நிலையச் சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. எண்ணூரிலிருந்து வந்திருந்த கௌரி அக்கா என் காலடியில் தரையிலேயே உட்கார்ந்தாள். இன்னொரு நாற்காலி காலியாகக் கிடந்தது.

“அக்கா,” என்றேன். “ஆரம்பத்துலேர்ந்து சொல்லு.”

அவள் மூக்கைச் சிந்திவிட்டு, தெருத் தண்ணீரைப் பார்த்தபடி ஆரம்பித்தாள். “காத்தால எந்திரிச்சா நைனா. நல்லா மூஞ்சி கழுவி, பொட்டு வெச்சிகினா. நான் பக்கத்துலதான் குந்திகினு இருந்தேன். டீ போட்டுக் குடுத்தேன், குடிச்சா. லண்டன்ல நீ பாட்டுக் கச்சேரிக்கி இட்டுகினு போனியே, உள்ள குந்தி ஆரம்பத்துலேர்ந்து கேட்டாளாமே, அதத்தான் சொல்லிகினே இருந்தா. வெளக்கு, வெள்ள வேட்டி, பில்லாங்குழலு, எல்லாம் சொன்னா. அப்பிடியே செவுத்துல சாஞ்சா. நோவே இல்ல நைனா...”

நான் உம் கொட்டினேன்.

“மேல சொல்லுக்கா.”