பொன்னேரி ரயில்வே கேட்டில் ஆறு நிமிஷம்

சனிக்கிழமை பகல் இரண்டேகால் மணிக்குத் திருவள்ளூரை விட்டுப் புறப்பட்டோம். ஐம்பத்தைந்தாம் வருஷம், மார்கழி பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. மூன்று பேர், மூன்று வாடகை சைக்கிள். தேரடிப் பக்கம் கடை வைத்திருந்தவர் ஞாயிறு இரவு வரைக்கும் வண்டிக்கு ஒன்றரை ரூபாய் என்றார். பெல் இல்லாத வண்டிக்கு மட்டும் இரண்டணா குறைத்தார். அந்த வண்டி எனக்கு வந்து சேர்ந்தது. ஜமக்காளத்தைச் சுருட்டி, புளிசோற்றுத் தூக்கைத் துணியில் மூட்டை கட்டி, பழைய டியூப் ரப்பரால் கேரியரில் இறுக்கிக் கொண்டோம்.

போகும் இடம் பழவேற்காடு. செங்குன்றம், சோழவரம், பொன்னேரி வழியாக ஏறக்குறைய நாற்பத்தைந்து மைல். ஏரியைப் பார்க்கத்தான் போனோம் என்று சொன்னால் பொய். என் சட்டைக்குள் மெழுகுத்துணியில் சுற்றிய நீளமான சர்க்கார் கவர் ஒன்று இருந்தது. அது எங்கள் ஜமாலுக்கு வந்த வேலை உத்தரவு.

ஜமால் பழவேற்காட்டுக்காரன். கருவாட்டு வியாபாரி வீட்டுப் பிள்ளை. இரண்டு வருஷம் திருவள்ளூரில் எங்கள் அறையில் தங்கி டைப் கற்றான், பரீட்சை எழுதினான், தேறினான். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் தபால்காரரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆடி மாதம் கைக்காசு தீர்ந்து ஊருக்குப் போய்விட்டான். விண்ணப்பத்தில் எங்கள் அறை விலாசம்தான் இருந்ததால் உத்தரவு வியாழக்கிழமை எங்களிடம் வந்தது. தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை. சேருவதற்குப் பத்து நாள் தவணை.

அன்றைக்கே தந்தி அடித்திருக்கலாம். கோவிந்தராஜுதான் தடுத்தான். ஜவுளிக்கடையில் துணி கிழிப்பவன், நாலு தெருவுக்குக் கேட்கும் குரல்.

"தந்தின்னா ஊட்டுல யாரோ பூட்டாங்கன்னு அழுவாங்கடா. நேர்ல போய்க் குட்த்துட்டு அவன் மூஞ்சியப் பாக்கணும். அது இன்னா மூஞ்சியா இருக்கும், சொல்லு?"

எனக்கும் அந்த முகத்தைப் பார்க்க ஆசையாக இருந்தது. பழியை அவன் தலையில் மட்டும் போட மாட்டேன். ஜமாலின் கடைசிக் கடிதத்தில், இந்த மாதத்துக்குள் உத்தரவு வராவிட்டால் பினாங்கில் மாமா கடைக்குப் போய்விடுவதாக எழுதியிருந்தான். புரட்டாசியிலும் அப்படித்தான் எழுதினான், ஐப்பசியிலும் அப்படித்தான். 'நம்ம பினாங்கு முதலாளி' என்று அவனுக்குப் பெயர் வைத்துச் சிரித்தோம்.

மூன்று மணிக்குச் செவ்வாப்பேட்டை. வானம் சாம்பல் பூசினாற்போல் இருந்தது. வாடைக்காற்று நேர் எதிரே வந்து மார்பைப் பிடித்துத் தள்ளியது. திருநின்றவூரில் டீ ஓரணா. அதற்கப்பால் இரண்டு பக்கமும் தண்ணீர் நின்ற வயல்கள், நனைந்த கொக்குகள், பார்த்துச் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. செங்குன்றத்தில் அரிசி மில் புகை தரையோடு தரையாகப் படிந்து கண்ணைக் கரித்தது. திருவள்ளூர் மில் ஒன்றில் என்னோடு கணக்கு எழுதும் முனுசாமி எப்போதும் அதிகம் பேச மாட்டான். அன்று அவன் முன்னால் போய்க்கொண்டே இருந்தான். நாங்கள்தான் நின்று நின்று போனோம்.

ஐந்தேகாலுக்குச் சோழவரம். ஏரி நிரம்பி அலையடித்தது. அங்கே சண்டைக் காலத்தில் விமானம் இறங்கப் போட்ட நீண்ட சிமெண்டுத் தளம் இருக்கிறது. எப்போதாவது மோட்டார் பந்தயம் நடக்குமாம், மற்ற நாளில் மாடு மேயும். பார்த்ததும் கோவிந்தராஜுவுக்குக் கால் நிற்கவில்லை. "ரேஸ் உடலாமா?" என்றான். ஒரு தரம் விட்டோம். தோற்ற நான் இன்னொரு தரம் கேட்டேன். அதிலும் தோற்றேன். மூன்றாவது தரம் திரும்பும்போது என் பின் சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. பஞ்சர் ஒட்டி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது.

"ராத்திரிக்கே போய்டலாம்டா. வெளக்கு இருக்குதில்ல?" என்றான் முனுசாமி.

"பத்து நாள் தவணை இருக்கச்சொல்ல இன்னாடா அவசரம்? பேஜாரு பண்ணாத" என்றான் கோவிந்தராஜு.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தொடை வலித்தது. "காலையில போலாம்" என்று சொன்னேன். சொன்னது நான்தான்.

ஒரு டீக்கடைக்காரர் கொட்டகையில் படுக்க இடம் கொடுத்தார். புளிசோற்றைப் பிரித்தபடி மறுநாள் நாடகத்துக்கு ஒத்திகை பார்த்தோம். கவரை உடனே காட்டக்கூடாது. மூன்று பேரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போக வேண்டும். அவன் கேட்பான். நான் மட்டும் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் கோவிந்தராஜு சிரித்துவிடுவான். ஏரியில் படகு ஏறின பிறகுதான் கவரை நீட்ட வேண்டும். "எங்க, சொல்லிக் காட்டு" என்றான் கோவிந்தராஜு. "ஒண்ணும் வரலடா ஜமாலு" என்று இழுத்தேன். மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஞாயிறு காலை ஆறரைக்குக் கிளம்பினோம். டீக்கடைக்காரர் அடுப்பு மூட்டட்டும் என்று அரை மணி காத்திருந்ததில் தாமதம். தூறல் பிடித்துக்கொண்டது. காரனோடைப் பாலத்தின் கீழே ஆறு செம்மண்ணாக ஓடியது. தச்சூரில் கிழக்கே திரும்பி, எட்டேகாலுக்குப் பொன்னேரி போய்ச் சேர்ந்தபோது ரயில்வே கேட் மூடியிருந்தது.

ஆறு நிமிஷம் நின்றோம். என் கையில் கடிகாரம் இருந்தது, அதனால் தெரியும். ஸ்டேஷன் பக்கமிருந்து பட்டணம் போகும் ரயில் மெதுவாக வந்தது. நான் ரயில்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன். கோவிந்தராஜு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, யாரோ கல்யாணத்துக்குப் போகிறவர்களை வழியனுப்புகிறவன் போல் வீசினான். ஜன்னல்களிலிருந்து ஒன்றிரண்டு கைகள் பதிலுக்கு ஆடின. ரயில் போனது. கேட் திறந்தது.

அங்கிருந்து பன்னிரண்டு மைல். வழி நெடுக உப்புக்காற்று. பழவேற்காட்டில் ஜமால் வீட்டு வாசலில் நாங்கள் இறங்கியபோது மணி பத்து. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டோம். கதவைத் திறந்தது அத்தா, ஜமாலின் தகப்பனார்.

"அடடே, வாங்க தம்பிங்களா. இப்பத்தான் வர்றீங்களா? அவன் ரயிலுக்குப் பூட்டானே! விடியக்காலம் நாலு மணிக்கு வண்டி கட்டிக்கினு போனான். பன்னண்டு மணிக்குக் கப்பல். பினாங்குக்கு."

தொங்கப் போட்ட முகத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. சட்டைக்குள்ளிருந்து கவரை எடுத்தேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் படித்துப் பொருள் சொன்னேன். கடைசி வரைக்கும் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"இது எப்ப வந்துச்சு தம்பி?"

"வியாழக்கிழமை."

"வியாழக்கிழமையா" என்றார். அதற்கு மேல் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம் என்று இருந்தது. கவரைக் கையில் வாங்கிக்கொண்டு, "நேத்து சாயங்காலம் தபால் வர்ற வரைக்கும் வாசல்லியே குந்திக்கினு இருந்தான். தபால் வரல. அப்பறம்தான் பொட்டியக் கட்டினான்" என்றார்.

முனுசாமி சைக்கிளைத் திருப்பினான். "வாடா, போலாம்! தொறைமுகத்துக்குப் போய்டலாம்!" என்று கத்தினான். முப்பது மைலுக்கு மேல், கையில் இருந்தது இரண்டு மணி நேரம். அடுத்த ரயில் சாயங்காலம்தான் என்றார் அத்தா. அவன் கேட்கவில்லை. தெருக்கோடி தாண்டிப் போய்விட்டு, கால்மணி கழித்துச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தான். எங்கள் இருவரையும் அவன் பார்க்கவே இல்லை.

அவர் எங்களைச் சும்மா அனுப்பவில்லை. உள்ளேயிருந்து இடியாப்பமும் மீன் குழம்பும் வந்தன. "நாஷ்டா பண்ணுங்க. இம்மாந் தூரம் அவனுக்காக வந்திருக்கீங்க" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டபடி சாப்பிடுவதைவிடப் பட்டினி கிடக்கலாம். ஆனாலும் சாப்பிட்டோம். கோவிந்தராஜு, அந்தக் கோவிந்தராஜு, தட்டைப் பார்த்துக்கொண்டே அழுதான்.

புறப்படும்போது அவர் கவரை மடித்துத் தன் பெட்டியில் வைத்தார். "அவனுக்கு இதப்பத்தி எழுதாதீங்க தம்பி. டிக்கெட்டு அவுங்க மாமா எடுத்தது. திரும்பி வர்றதுன்னா சும்மாவா? போன எடத்துல அவன் மனசு நிக்கட்டும்" என்றார். சரி என்று சொன்னோம்.

பழவேற்காடு ஏரியைப் பற்றி வாசகர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். பெரியது. அன்று ஈயம் போல் கிடந்தது. தூரத்தில் வெள்ளையாக ஒரு கூட்டம் பறவை நின்றது, பூநாரை என்றார்கள். படகுக்கு ஆளுக்கு ஓரணா. நாங்கள் ஏறவில்லை.

திரும்பும் வழியில் அதே வாடைக்காற்று முதுகுப் பக்கம் வந்துவிட்டது. பொன்னேரியிலிருந்து மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை, சைக்கிள் தானாக ஓடியது. இவ்வளவு சுலபமாக ஓடும் வண்டியில் என் வாழ்நாளில் நான் இத்தனை துக்கத்தோடு உட்கார்ந்ததில்லை. சோழவரத்துச் சிமெண்டுத் தளம் வந்தபோது மூன்று பேரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம். இரவு ஒன்பதரைக்குத் திருவள்ளூரில் சைக்கிளை விட்டோம். கடைக்காரர், "டிரிப்பு ஜோரா?" என்றார். ஜோர் என்றோம்.

பங்குனியில் பினாங்கிலிருந்து ஜமால் எழுதினான். கடையில் துணி மூட்டைக்கு நடுவில் படுக்கை, மழை விடாமல் பெய்கிறது, மாமா நல்லவர்தான். அதற்குக் கீழே இப்படி இருந்தது: 'புறப்பட்ட அன்றைக்குப் பொன்னேரி கேட்டில் மூன்று பேர் சைக்கிளோடு நின்றார்கள். ஒருவன் துண்டை வீசினான். ஓரத்து இடம் கிடைக்காததால் முகம் தெரியவில்லை. உங்கள் நினைவு வந்து, நடுவில் உட்கார்ந்தபடியே நானும் கையை ஆட்டினேன். அது போகட்டும். நான் கிளம்பின பிறகு அறைக்கு எனக்கு ஏதாவது கடிதம் வந்ததா?'

பதில் எழுதும் வேலை என் தலையில்தான் விழுந்தது. மூன்று நாள் தள்ளிப் போட்டேன். பிறகு சோழவரத்தில் ஒத்திகை பார்த்த அதே வார்த்தையை எழுதினேன். ஒன்றும் வரவில்லை ஜமால்.