ஆற்றங்கரைப் பூங்காவின் மக்கள் பிரதிநிதி

அவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். கூட்டம் என்று கேள்விப்பட்டால் முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவார். ஆற்றங்கரையில் பூங்கா வரப்போகிறது, மக்கள் வந்து கருத்துச் சொல்லலாம் என்று நகராட்சி அறிவித்தபோது எங்கள் தெருவே அவரை நம்பித்தான் போனது.

அவரும் ஏமாற்றவில்லை. திரையில் காட்டிய படத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். "மூணு நீரூற்று வெச்சிருக்கீங்க, ஒரு கக்கூஸ் இல்லையே. வயசானவங்க, பொம்பளைங்க எல்லாம் எங்க போவாங்க?" என்று கேட்டார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

நகராட்சி என்ஜினியர் கெட்டிக்காரர். மறுவாரமே கண்டக்டரைக் குடியிருப்போர் பிரதிநிதி ஆக்கி, கழுத்தில் அடையாள அட்டையை மாட்டி, மேடையில் தன் பக்கத்திலேயே மெத்தை வைத்த நாற்காலி போட்டுக் கொடுத்தார்.

அடுத்த கூட்டத்தில் அதே கேள்வியோடு எழுந்தது கண்டக்டரின் மனைவி. கண்டக்டர் மைக்கை இழுத்துக்கொண்டு, "தாய்மார்களின் கருத்து பரிசீலனையில் உள்ளது" என்றார்.

"யாருக்கு யாருங்க தாய்? கக்கூஸ் உண்டா இல்லையா, அதைச் சொல்லுங்க."

அரங்கமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "அடுத்த கேள்வி" என்றார்.

பூங்கா திறந்தாயிற்று. மக்கள் கருத்தை மதித்து இன்னொரு நீரூற்றும் சேர்த்திருக்கிறார்கள். கக்கூஸ் இன்னும் பரிசீலனையை விட்டு வெளியே வரவில்லை. மனைவி அந்தப் பக்கமே போவதில்லை. கண்டக்டர் மட்டும் தினமும் அட்டையை மாட்டிக்கொண்டு ஒரு சுற்று வருகிறார். "அண்ணே" என்று தோளில் கைபோட்டுப் பேசியவர்கள் இப்போது "சார்" என்று ஒதுங்கி வழிவிடுகிறார்கள். அதை மரியாதை என்றே அவர் நம்பிக்கொண்டிருக்கிறார்.