தோணிரேவில் சத்தமில்லாத ஒரு காலை

அலமாரியின் மேல்தட்டில் வலைக்குண்டைக் காணோம். சுட்ட மண்ணில் செய்து நடுவே துளையிட்ட, நெல்லிக்காய் அளவு உருண்டை அது; வலை நீரில் அமிழ்வதற்காகக் கட்டுவது. பத்து வருடமாக என் மகளோடு எங்கே புறப்பட்டாலும் முதலில் அதைத்தான் எடுத்து வைப்பேன். இன்று மதியம் ரயில். தட்டில் இருந்த எல்லாவற்றையும் கீழே இறக்கிப் பார்த்தேன்.

அதைத் தந்தவர் பழவேற்காடு ஏரிக்கரையில், தோணிரேவில் இருந்த ஒரு படகுக்காரர். மகளுக்கு அப்போது ஏழு வயது. பேசமாட்டாள், திடீர்ச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு கண்மண் தெரியாமல் ஓடுவாள். காலண்டரில் இருந்த பூநாரைப் படத்தைவிட்டு நகராதவளுக்கு நிஜப் பறவையையே காட்டலாம் என்று அழைத்துப் போனேன். அவர் படகில் ஏரி நடுவே போனபோது, மீனை வலைக்குள் விரட்டுவதற்காகப் பக்கத்துப் படகுகளில் பலகையைத் தட்டினார்கள். அவள் எழுந்து தண்ணீரை நோக்கிப் பாய்ந்தாள். பாவாடை நுனி என் கையில் சிக்கியது, அவ்வளவுதான். அந்தத் துணி நழுவுவதுபோல் இன்னும் கனவு வருகிறது.

இனி இவளை எங்கும் கூட்டிப் போவதில்லை என்று கரையில் நின்று அழுதேன். "இன்னா சார், கொயந்த மேலயா தப்பு? அதுக்கு இன்னா சத்தம் ஆகாது, கையில இன்னா இருந்தா சும்மா இருக்கும், எல்லாம் சொல்லு. நாள் பாத்து கார்டு போடச் சொல்றேன், வா" என்றார் படகுக்காரர். எந்த டாக்டரும் அப்படிக் கேட்டதில்லை. மகள் அதற்குள் கரையில் கிடந்த வலையருகே உட்கார்ந்து, குண்டுகளை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டிருந்தாள். அவர் அதையும் கவனித்தார்.

கார்டு வந்தது. கரையில் மீன் ஏலம் முடிந்தபிறகு வந்து சேரும் பஸ்ஸில் வரச் சொல்லியிருந்தார். படகில் இடித்துச் சத்தம் எழாதிருக்கத் தள்ளுகோலுக்குச் சாக்குச் சுற்றியிருந்தது. மகள் உட்கார வலையை மடித்துப் போட்டு, ஒற்றைக் குண்டை நூலில் கோத்து அவள் மணிக்கட்டில் கட்டினார். ஊரிலேயே பெரிய குரல் அவருடையது; அன்று எல்லாம் சாடைதான். "எங்கிட்ட மட்டும் ஏரிக்கு அந்தாண்ட கேக்கறமாரி கத்துவ. பாப்பா, நீ இங்கியே இருந்துடும்மா, என் காது பொயச்சிக்கும்" என்று அவர் மனைவி வாய்பொத்திச் சிரித்தாள்.

கண்ணுக்கெட்டியவரை வேறு படகே இல்லை. ஏன் என்று கேட்டேன். "இன்னிக்கி இந்த எடம் நம்ம பாடு சார். வேற எவனும் வரமாட்டான்" என்று கிசுகிசுத்தார். பாடு என்றால் முறை. மீன் நன்றாகப் படும் அந்த இடம் அவர் குடும்பத்துக்குச் சில நாட்களில் மட்டுமே கிடைக்கும். அப்படியொரு நாளில் அவர் வலை வீசவில்லை. வலைமீது என் மகள் உட்கார்ந்திருந்தாள். தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்து, அசைந்து, பறவைகளாயிற்று. அவள் காதிலிருந்து இரு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து எங்கே போவதென்றாலும் முன்னதாகப் போய் விசாரித்துவிட்டு வருவேன். நேற்றுகூட ரயில் நிலையத்துக்குப் போய், எஞ்சினிலிருந்து தள்ளியிருக்கும் பெட்டி எது என்று கேட்டு வந்தேன். ஆனால் குண்டு இல்லாமல் எப்படி?

அலமாரியை மூன்றாம் முறை துழாவிவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். மகள் செருப்பு மாட்டி, பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையைத் திறந்து காட்டினாள். மடித்த துணியின்மேல் வலைக்குண்டு. அதன் பக்கத்தில் என்னுடைய ரத்தக்கொதிப்பு மாத்திரை.