நான் ஒட்டிய துவக்கு

நேசனுடைய காரின் பின்கதவில் துவக்குப் படம் போட்ட ஸ்டிக்கரை ஒட்டியது நான்தான்.

இந்த ஒரு வரியை எழுத எனக்கு இரண்டு வருடங்கள் பிடித்தன. வேறு யாரோ ஒட்டினார்கள் என்று நேசனிடம் சொன்னேன். என் மனைவி ராணியிடமும் அதையே சொன்னேன். எனக்கு நானே சொல்லியும் பார்த்தேன்... எடுபடவில்லை! உங்களை எனக்குத் தெரியாது, உங்கள் முகத்தை நான் பார்க்கப் போவதுமில்லை. அந்தத் துணிச்சலில்தான் சொல்கிறேன். இதுவும் ஒரு கோழைத்தனம் என்று நீங்கள் நினைத்தால் மறுக்க மாட்டேன்.

நான் ஜெர்மனியில் டுசல்டோர்ஃபுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். இந்த நாட்டுக்கு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது, இப்போது அறுபதை நெருங்குகிறேன். வாகனங்களுக்கு விளம்பரம் ஒட்டும் ஒரு நிறுவனத்தில் வேலை. தச்சர், குழாய் பொருத்துபவர், பேக்கரி என்று எல்லோருடைய பெயரையும் இயந்திரத்தில் வெட்டி வண்டிகளில் ஒட்டுவேன். ஒரு சுருக்கம் விழாது, ஒரு காற்றுக்குமிழி நிற்காது. என் கைக்கு அவ்வளவு பேர்!

மதிய இடைவேளைகளில், மிஞ்சிய துண்டுகளில் எனக்கென்று ஒன்று வெட்டினேன். கறுப்பில் ஒரு துவக்கு, அதாவது துப்பாக்கி, அதன்மேல் சிவப்பில் மாவீரர்களை நினைவுகூரும் கார்த்திகைப்பூ. எந்தச் சின்னத்தை ஒட்டினால் போலீஸ் மறிக்கும், எதை ஒட்டினால் மறிக்காது என்று விசாரித்துவிட்டே வெட்டினேன். என் வீரத்துக்கு அவ்வளவு முன்யோசனை!

முதலில் வெட்டிய நான்கைந்திலும் ஒரு பிழை இருந்தது. துவக்கின் கீழே வளைந்து தொங்கும் மகசீன், அதுதான் குண்டு நிரப்பும் பெட்டி, குழல் பக்கமாக முன்னால் வளைய வேண்டும். நான் அதைப் பிடிப்பக்கமாக வளைத்து வரைந்துவிட்டேன். நண்பர் ஒருவர் கண்டு சிரித்தார். திருத்தி வெட்டி, திருத்தியதைத்தான் ஊரெல்லாம் கொடுத்தேன். ஆனால் அதற்கு முன்பே பிழையான ஒன்றை என் சொந்தக் காரில் ஒட்டியிருந்தேன். யார் இவ்வளவு உற்றுப் பார்க்கப் போகிறார்கள் என்று அப்படியே விட்டுவிட்டேன். மிச்சப் பிழைகள் காரின் முன் இழுப்பறைக்குள் கிடந்தன.

துவக்கை நான் ஒருநாளும் தொட்டதில்லை. இதையும் சொல்லத்தானே வேண்டும்... சண்டை இறுகுவதற்கு முன்பே விமானம் ஏறியவன் நான்.

நேசன் தொட்டவன். பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டிய வயதில், தானாகப் போகாமல், இயக்கத்துக்குக் கொண்டுபோகப்பட்டவன். எல்லாம் முடிந்தபின் தடுப்புமுகாமில் இருந்து, எப்படியோ தப்பி இங்கே வந்தான். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்தான். எழும்ப முடியாத கிழவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, கதிரையில் இருத்துவான். அதிர்ந்து பேச மாட்டான். ராணிக்கு அவன் மேல் சொந்தத் தம்பியைப் போல் பாசம். இரண்டு வருடங்களுக்கு முந்திய வசந்தத்தில்தான் அவனுக்கு ஜெர்மன் பாஸ்போர்ட் கிடைத்திருந்தது. கையோடு ஊருக்கு டிக்கெட் போட்டான். பதின்மூன்று வருடங்களாகக் காணாத அம்மாவைப் பார்ப்பதற்கு. அம்மா படுக்கையில் இருந்தார்.

அப்படிப்பட்டவன் மேல் எனக்கு என்ன கோபம்?

சொல்கிறேன். நண்பர் வீட்டுப் பிறந்தநாள் விழா ஒன்றில் என் ஸ்டிக்கரைப் பற்றி நான் விளாசிக்கொண்டிருந்தேன். எந்தத் துவக்கு எவ்வளவு தூரம் சுடும், எது சேற்றில் விழுந்தாலும் இயங்கும் என்றெல்லாம். எல்லாம் கைப்பேசியில் பார்த்தவை! நேசன் ஒரு மூலையில் தட்டோடு இருந்தான். சபைக்கு ஒரு சாட்சி வேண்டும் என்று அவனைக் கூப்பிட்டேன்.

"தம்பி, நீங்கள் பிடிச்ச கை. சொல்லுங்கோ, எப்பிடி இருக்கும்?"

அவன் தட்டிலிருந்து நிமிர்ந்தான். "பாரம் அண்ணை. சரியான பாரம். அவ்வளவுதான்."

பிறகு வடையைப் பிய்த்து வாயில் போட்டான். யாரோ ஒருவர் மெல்லச் சிரித்தார். அந்தச் சிரிப்பு நேசனுக்கானது அல்ல, எனக்கானது. அவன் என்னை அவமானப்படுத்த நினைக்கவே இல்லை என்பது இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கும் தெரிந்துதான் இருந்தது... ஆனாலும் என் முகம் எரிந்தது. விழா முடிந்து போகும்போது, "உங்கட காருக்கும் ஒண்டு ஒட்டிவிடவோ?" என்று கேட்டேன். "எனக்கு வேண்டாம் அண்ணை, குறை நினையாதையுங்கோ" என்றான். குறை நினைத்தேன். நன்றாகவே நினைத்தேன்.

கோடையில் கோயில் தேர்த்திருவிழா. தொழிற்பேட்டை நடுவே இருக்கும் கோயில், அக்கம்பக்கத்து நிறுவனங்களின் வளவுகளெல்லாம் அன்றைக்கு நம் கார்கள்தான். நட்டநடு மத்தியானம். ராணிக்குத் தண்ணீர்ப் போத்தல் எடுக்க என் காருக்குப் போனேன். மூன்று கார் தள்ளி நேசனுடைய சாம்பல் நிறக் கார் நின்றது. இழுப்பறையைத் திறந்தேன். கையில் அகப்பட்டது அந்தப் பழைய பிழை. வேட்டித் தலைப்பால் அவன் கார்க் கதவைத் துடைத்தேன்... அதைக்கூட ஒழுங்காகச் செய்தேன், பாருங்கள்! தூசி இருந்தால் ஒட்டாது என்ற தொழில் புத்தி. அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு சுருக்கம் விழவில்லை.

தேர் இழுக்கையில் அவன் எனக்குப் பக்கத்தில்தான் வடம் பிடித்தான்.

பத்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, நேசன் அழைத்தான்.

"அண்ணை, ஒருக்கா வீட்டை வரட்டோ? சின்ன அலுவல் ஒண்டு."

வந்தான். முகத்தில் இரத்தமில்லை. என்னைக் காருக்குப் பின்னால் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினான். காரைப் பின்பக்கமாகச் சுவரோடு நிறுத்துகிறவன், அன்றுதான் அவனே அதைக் கண்டிருக்கிறான். அதுவும் ஊரிலிருந்து அவன் தம்பி சொன்னபிறகு.

"சி.ஐ.டி ஆக்கள் ரெண்டு பேர் மோட்டச்சைக்கிள்ள வீட்டை வந்தவங்களாம். என்ர காரை ஃபோனில காட்டி, நம்பரோட காட்டி, இவர் இப்ப ஆரோட வேலை செய்யிறார், எப்ப இஞ்ச வாறார் எண்டு கேட்டவங்களாம். அம்மாவின்ர கட்டிலுக்குக் கிட்ட நிண்டு கேட்டவங்களாம் அண்ணை. தம்பி அழுறான், வராதையுங்கோ எண்டு."

அந்தப் படம் எப்படி அங்கே போனது என்று நீங்கள் கேட்கலாம். கேட்பீர்கள் என்று தெரிந்துதான் இதுவரை சொல்லாமல் வந்தேன்... படத்தை எடுத்ததும் நான்தான்! ஒட்டிய கையோடு எடுத்தேன். வாகன இலக்கம் தெளிவாகத் தெரிய எடுத்தேன். "கடைசியில் எங்கள் வீரனும் வெளியே வந்துவிட்டார்" என்று எழுதி, நேசன் இல்லாத எங்கள் ஊர்க்காரர்களின் வாட்சப் குழுவில் போட்டேன். இரண்டு மூன்று பேர் கைதட்டினார்கள். அடுத்த நாள் பயம் பிடித்து அழித்தேன். அதற்குள் அது கை மாறிக் கை மாறி, யார் அனுப்பியது என்ற தடயமே இல்லாமல் கடல் கடந்திருந்தது.

என்னதான் நினைத்தேன்? ஒரு பகிடி என்றா? அவனையும் என் வரிசையில் நிறுத்திவிடலாம் என்றா? அங்கே யார் கண்ணில் படும் என்று யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஒரு கணம் யோசித்தேன். பிறகு அனுப்பும் பொத்தானை அழுத்தினேன்.

"ஆர் அண்ணை இப்பிடிச் செய்திருப்பினம்?" என்று நேசன் கேட்டான்.

"ஆர் கண்டது தம்பி... கோயிலுக்கு எத்தினை சனம் வருது."

வெப்பக்காற்று ஊதும் கருவியை எடுத்துவந்து ஸ்டிக்கரைச் சூடாக்கினேன். மெல்ல, கதவோடு படிந்தபடி இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் பசை தங்கிவிடும். நேசன் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றான்.

"அண்ணை, மற்றவையின்ர காரில இருக்கிறது சரியாக் கிடக்கு. இதில மகசீன் பின்னுக்கெல்லோ வளைஞ்சிருக்கு. இது நீங்கள் கீறினதோ?"

என் கை நின்றது. அப்போது ராணி என் காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருந்தாள். எந்த நிமிடமும் திரும்பி வருவாள், அதே பிழையைப் பின்கதவில் சுமந்தபடி!

"இல்லைத் தம்பி. என்ர இப்பிடி இல்லையே. ஆரோ என்ரயைப் பாத்துக் கொப்பி அடிச்சிருக்கிறாங்கள்."

என் பிழையே எனக்குச் சாட்சியானது. அவன் தலையாட்டினான். "ஓம், இதைக் கீறினவர் துவக்கைக் கையில வைச்சிருந்திருக்க மாட்டார்" என்றான். தேநீர் குடிக்கச் சொன்னேன். வேலைக்கு நேரமாகிறது என்றான். போகும்போது என் கையைப் பிடித்து, "பெரிய உதவி அண்ணை" என்றான்.

டிக்கெட்டை ரத்துச் செய்தான்.

அவன் போன கையோடு ராணி வந்தாள். அவள் பைகளை இறக்குமுன் என் காரின் ஸ்டிக்கரைச் சூடாக்கி உரித்துவிட்டேன். ஆனால் என் கார் சிவப்பு. வருடக் கணக்கில் வெயிலில் நின்று சாயம் வெளிறியிருந்தது. ஸ்டிக்கர் இருந்த இடம் மட்டும் வெளிறவில்லை. உரித்த இடத்தில் துவக்கு இன்னும் கடுஞ்சிவப்பில் நின்றது, பின்னால் வளைந்த மகசீனோடும் பூவோடும்! தேய்த்தேன், மெழுகு போட்டேன். தேய்க்கத் தேய்க்க இன்னும் பளபளத்தது. கடைசியில் 'காரில் குழந்தை' என்று ஜெர்மனில் எழுதிய வட்ட ஸ்டிக்கர் ஒன்றை அதன்மேல் ஒட்டினேன். என் கடைசி மகளுக்கு இருபத்தாறு வயது. "உங்களுக்கென்ன விசரே?" என்று ராணி சிரித்தாள்.

செப்டம்பரில் நேசனுடைய அம்மா இறந்துபோனார்.

"அந்தப் பிள்ளை தனிய இருந்து பாக்கக் கூடாது" என்று ராணி அவனை எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டாள். அங்கே முற்பகல், இங்கே விடிந்த கையோடு. எங்கள் பெரிய டிவியில் செத்தவீடு நேரலையாக ஓடியது. உறவுக்காரர் ஒருவர் கைப்பேசியைப் பிடித்தபடி நடந்தார், படம் ஆடியது. நேசன் சோபா நுனியில் இருந்தான், அவனுக்குப் பக்கத்தில் நான். நேசன் கூட நின்று செய்ய வேண்டியதையும் அவன் தம்பியே செய்தான். வாய்க்கரிசி போடும்போது நேசனுடைய வலது கை தன்பாட்டில் மடியிலிருந்து எழுந்தது... விரல்கள் அரிசியைக் கிள்ளுவதுபோலக் குவிந்தன. பிறகு கையைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டான்.

அப்போது சொல்லியிருக்கலாம். "தம்பி, அது நான்" என்று இரண்டு மூன்று சொல்தான்! வாய் திறந்தேன். "கொஞ்சம் தண்ணி குடியுங்கோ தம்பி" என்றேன்.

பெட்டியை மூடியபோது அவனே டிவியை நிறுத்தினான். ராணி அழுதாள், அவன் அழவில்லை. வாசல்வரை கூடப் போனேன். தெருவோரம் என் கார் நின்றது, அதைத் தாண்டித்தான் அவன் போக வேண்டும். தாண்டியவன் நின்றான். திரும்பி வந்தான்.

அந்த வட்ட ஸ்டிக்கர் சின்னது. நடுவை மறைத்தது, அவ்வளவுதான். ஒரு பக்கம் குழலின் நுனி, மறுபக்கம் பிடி, கீழே மகசீனின் வளைந்த முனை... எல்லாம் கடுஞ்சிவப்பில் வெளியே தெரிந்தன. நேசன் ஆட்காட்டி விரலால் அந்த வளைவை மெல்லத் தடவினான், மேலிருந்து கீழாக, பிழையான பக்கமாக. அவனுக்கு அவசரமே இல்லை. திட்டுவான் என்று நின்றேன். அடிப்பான் என்று நின்றேன். அடித்திருந்தால்!

அவன் என்னைப் பார்க்கவில்லை. "போறன் அண்ணை" என்றான்.

எங்கள் ஆட்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், உங்களுக்குத் தெரியும். பக்கத்துக் கடைக்குப் போனாலும் 'போட்டு வாறன்', போய்விட்டு வருகிறேன், என்பார்கள். நேசன் எங்கள் வீட்டிலிருந்து எத்தனையோ தரம் அப்படிச் சொல்லிப் போனவன்தான்.

அதற்குப் பிறகு அவன் வரவில்லை. லைப்சிக் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்கு மாறிவிட்டான் என்று கேள்வி. யாரிடமும் அவன் எதுவும் சொல்லவில்லை. கோயிலில் இன்றைக்கும் எனக்கு அதே மரியாதை. ராணி மட்டும் சில வேளைகளில், "அந்தப் பெடியன் ஏன் எங்களை மறந்தவன்?" என்று கேட்கிறாள். "வேலை கூடவாக்கும்" என்கிறேன். அவன் எண் என் கைப்பேசியில் இருக்கிறது. எழுதுகிறேன், அழிக்கிறேன்.

போன மாதம் காரை விற்க விளம்பரம் போட்டேன். ஒரு ஜெர்மன் இளைஞன் பார்க்க வந்தான். நல்ல பிள்ளை. வட்ட ஸ்டிக்கரை உரித்துத் தரச் சொன்னான், உரித்தேன். பின்கதவைக் கையால் தடவியவன், தலையைச் சாய்த்துப் பார்த்து, இதில் முதலில் என்ன இருந்தது என்று கேட்டான்.

ஒரு பூ என்றேன்.

அவன் இன்னும் கிட்டக் குனிந்தான். நான் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கார் விற்பனைக்கில்லை என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டேன்.