அந்தோணி வீட்டுப் பூட்டை நான் மாற்றிய நாள்

எம்.சி.ஓ. என்ற கொரோனா ஊரடங்கு முடிந்து, எங்கள் ஈப்போ புந்தோங் கோயில் ரதம் மறுபடி தெருவுக்கு வந்ததே, அந்த வருடம். ரதம் போன மறுவாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடைத்த தேங்காய் ஓடெல்லாம் இன்னும் கால்வாய் ஓரம் கிடந்தது. தேதி கேட்டால் எனக்குத் தெரியாது. மூன்றாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளியை விட்டவன். நான் சொல்லச் சொல்ல, பக்கத்து ஜெராக்ஸ் கடைப் பெண் எழுதுகிறாள். பூட்டுத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டார்கள். சாவி வெட்டுவதைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். வாய் இதற்குத்தான் போகிறது.

கட்டர் வேண்டாம்

நான் பிறந்த ரப்பர் தோட்டத்து லய வீடுகளில் பூட்டே கிடையாது. பூட்டி வைக்க என்ன இருந்தது? ஸ்டோருக்கு மட்டும் உள்ளங்கை அகலத்தில் ஒரு பூட்டு தொங்கும். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி சாவியைத் தொலைத்த அன்று பால் வாளிக் கம்பியை வளைத்து நான்தான் திறந்து கொடுத்தேன். கிராணி நன்றி சொல்லவில்லை.

"இதுக்கு முன்னாடி எத்தனை தடவைடா திறந்த?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி எப்படிச் சுட்டது என்பதை நான் மறந்திருக்கக் கூடாது.

தோட்டத்தை விற்றுவிட்டார்கள். ஈப்போவுக்கு வந்து பூட்டுக்கடை வைத்திருந்த ஒரு சீனத் தவுக்கேயிடம் தொழில் கற்றேன். வயதான பிறகு, நான் குடியிருக்கும் ஃப்ளாட்டுக்குக் கீழேயே கடை போட்டேன். கடை என்றால் ஒரு மேசை, சாவி வெட்டும் மெஷின், இரண்டு நாற்காலி.

இரண்டாவது நாற்காலி அந்தோணியுடையது. பள்ளி வேன் ஓட்டினான். மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்தான், தனி ஆள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தால், மதியம் ஏற்றப் போகும்வரை அந்த நாற்காலிதான். எனக்கும் வீட்டில் யாரும் இல்லை. ஆளுக்கொரு கோப்பி. பெரிதாக ஒன்றும் பேசமாட்டோம். வேனில் எந்தப் பிள்ளை வாந்தி எடுத்தது என்பான். நான் சிரிப்பேன்.

அந்த வாரம் பள்ளி விடுமுறை. காலை ஒன்பது மணி இருக்கும். போதைப்பொருள் ரெய்டு என்று மூன்று போலீஸ் வண்டி வந்து நின்றது. ஒவ்வொரு வீடாகத் தட்டினார்கள். எல்லாரும் திறந்தார்கள், அந்தோணி திறக்கவில்லை. கிரில்லை வெட்ட கட்டரைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். நல்ல கிரில், அவனே பெயின்ட் அடித்தது. எனக்கு மனசு கேட்கவில்லை.

"வெட்டாதீங்க சார், நான் திறந்து தாறேன்" என்று பின்னாலேயே போனேன்.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, திறந்துவிட்டேன். உள்ளே அந்தோணி பாயில் கிடந்தான். எழுப்பினால் கண் சொருகுகிறது. ஒரு வாரமாக இருமல், மருந்து குடித்துக்கொண்டிருந்தான். அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் என் வாய்க்கு அது வரவில்லை. பூட்டுத் திறந்த கம்பிகளைப் பைக்குள் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கீழே வைத்துச் சிறுநீர் சோதனை செய்தார்கள். அவனுக்கு பாசிட்டிவ். வண்டியில் ஏற்றினார்கள். கூட்டத்தைப் பார்த்து ஒரு தமிழ் கார்ப்ரல் சொன்னார்:

"இது சும்மா முதல் டெஸ்ட்டுதான். லேப் சொல்லணும், அதுக்கப்புறம் கோர்ட் சொல்லணும். அதுவரைக்கும் அவர் குத்தவாளி இல்ல. போய் வேலையப் பாருங்க."

நாசி லெமாக் சோறு விற்கும் அக்கா இடுப்பில் கை வைத்தபடி நின்றாள். "நான் அப்பவே நெனச்சேன் லா. கண்ணு எப்பப் பாரு செவப்பா இருக்கும். இவன்கிட்டதான் புள்ளைங்கள ஏத்தி விட்டோம். அண்ணே, நீங்கதானே கதவத் திறந்தீங்க? உள்ள எப்படிக் கெடந்தான்?"

"மயங்கித்தான் கெடந்தான்" என்றேன்.

பொய் இல்லை. ஆனால் நான் அதோடு நிறுத்திவிட்டேன். இருமல் மருந்தைச் சொல்லவில்லை.

மூன்று சாவி

மதியம் வீட்டு ஓனர் போன் செய்தார். "பூட்ட மாத்திடுங்க, இன்னைக்கே. கேஸ் புடிச்ச ஆளு எனக்கு வேணாம்."

போலீஸ் ஆளைக் கொண்டுபோன வீடென்றால் பூட்டை மாற்றுவது இங்கே வழக்கம். அதற்கு முன்பும் எத்தனையோ வீட்டில் மாற்றியிருக்கிறேன். ஒரு கேள்வியும் கேட்டதில்லை. இதையும் கேட்கவில்லை. பழைய பூட்டைக் கழற்றிப் புதியது போட்டு, மூன்று சாவியையும் ஓனர் கையில் கொடுத்தேன். என் கை அது பாட்டுக்கு வேலை செய்தது.

பன்னிரண்டாம் நாள், நல்ல வெயில். அந்தோணி பஸ்சிலிருந்து இறங்கி நேரே மாடிக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் இறங்கி என் மேசைக்கு வந்தான். இளைத்திருந்தான்.

"அண்ணே, சாவி உள்ள போவுது, திரும்ப மாட்டேங்குது. இத்தன நாளு பூட்டிக் கெடந்துச்சுல்ல, துரு புடிச்சிருக்கும். கொஞ்சம் எண்ணெ விடுங்களேன்."

எண்ணெய் டப்பா என் கையில்தான் இருந்தது.

"நான்தான் மாத்துனேன், அந்தோணி."

"எப்ப?"

"உன்னையக் கொண்டுபோன அன்னைக்கே."

"அன்னைக்கேவா?"

சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் விரித்தான். எனக்குப் படிக்க வராது என்று அவனுக்குத் தெரியும். அவனே சொன்னான். "லேப்ல ஒன்னும் இல்லன்னு வந்துருச்சுண்ணே. இருமல் மருந்துதான். கேஸ் இல்ல, விட்டுட்டாங்க. நீங்க வந்து திறந்து விடுங்க. குளிக்கணும்."

"ஓனரக் கேக்காம முடியாதுப்பா."

அவன் கோபப்படவில்லை. அதுதான் இன்றுவரை மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

"போலீசுக்கு ஓனரக் கேக்காமத்தானேண்ணே திறந்தீங்க" என்றான்.

காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு ஓனருக்குப் போன் செய்தான். ஓனர் வந்து துணிமணியை எடுத்துக்கொள்ள விட்டார், அவ்வளவுதான். பள்ளி வேனுக்கும் வேறு ஆள் வந்துவிட்டான். ஒரு பிள்ளையின் அம்மாவிடம் காகிதத்தைக் காட்டினானாம். "நல்லதுதான் தம்பி. ஆனா புள்ளைங்க விசயம், பயமா இருக்கு" என்றாளாம். இரண்டு பையோடு என் மேசையைத் தாண்டித்தான் பஸ்சுக்குப் போனான். உட்காரவில்லை.

கூட்டிப்போன செய்தி ஒரு மணி நேரத்தில் ஐந்து மாடியும் ஏறியது. விட்டுவிட்ட செய்தியை நானே சொல்லிப் பார்த்துவிட்டேன், இரண்டாம் மாடியைக்கூடத் தாண்டவில்லை. இன்னமும் அந்த வீட்டைக் கஞ்சாக்காரன் வீடு என்றுதான் சொல்கிறார்கள். ஆளுக்கொரு கோப்பி என்பது ஒரு கோப்பி ஆகிவிட்டது. நாற்காலியை எடுத்து உள்ளே போட்டேன். இடம் வெறிச்சென்று இருந்தது, மறுபடி வெளியே போட்டேன்.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, பூட்டை மாற்றச் சொன்னால் முதலில் கேளுங்கள்: "ரிசல்ட் வந்துருச்சா?" இப்போது நான் கேட்கிறேன். சில ஓனர்கள் முறைத்துவிட்டு வேறு கடைக்குப் போகிறார்கள். போகட்டும்.

கழற்றிய பூட்டுக்குள் இருக்கும் பின் ஊசிகளை மாற்றி, வேறு சாவி போட்டு மறுபடி விற்பது தொழிலில் வழக்கம். அந்தோணியின் பூட்டை மட்டும் அப்படியே டின்னில் வைத்திருக்கிறேன். அவன் கமுந்திங்கில் ஏதோ ஃபேக்டரியில் வேலை செய்வதாகக் கேள்வி. அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது அவனைக் கண்டால் சொல்லுங்கள்: பழைய பூட்டு என்னிடம் இருக்கிறது, பின் மாற்றவில்லை, அவன் சாவிக்கு இன்னும் திறக்கும். அவனைக் காணவில்லையென்றால், புந்தோங்கில் உங்களுக்குத் தெரிந்த ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள், அந்தோணி மேல் ஒன்றும் இல்லை என்று. மூன்றாம் மாடிவரைக்குமாவது ஏறட்டும்.