வௌவால் வாய் வைத்த கலயம்

எங்கள் சர்பாலியாவில் ஈச்ச மரம் சீவுகிறவர்கள் பலர் உண்டு. ஆனால் சாறு என்று வந்துவிட்டால் தோராப் அலியின் பெயரைத்தான் சொல்ல வேண்டும். மழைக்காலம் முழுக்க நெல்லும் சணலுமாகச் சேற்றில் கிடந்து, வாயைத் திறந்தாலே எரிந்து விழுகிற மனுஷன், குளிர் இறங்கியதும் ஆளே மாறிப்போவார். சாயங்காலம் இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு ஏறி, மரத்தின் கழுத்தைச் சீவிக் கலயம் கட்டுவார். பொழுது விடிவதற்குள் நிறைந்த கலயங்களை இறக்குவார். குடித்தது போக மிச்சத்தைக் கொப்பரையில் ஊற்றி வெல்லம் காய்ச்சுவார். பனியில் பல் கிட்டிக்க வந்து நிற்கிறவனுக்கெல்லாம் ஒரு குவளை ஊற்றிக் கொடுத்துவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ‘ஆகா’ என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் மறுநாள் அவனுக்குச் சாறு கிடையாது.

குளத்தங்கரையில் கூனல் மரம் ஒன்று இருந்தது. ராத்திரியானால் வௌவால்கள் அதைத்தான் தேடி வரும். சீவிய இடத்தில் வழிகிற சாற்றை நக்கும், கலயத்தின் வாயிலேயே தொங்கும். காலையில் கலயத்தின் மேல் எச்சம் கிடக்கும். தோராப் அலி அதற்கெல்லாம் முகம் சுளிக்கிற ஆளில்லை. தோளில் கிடக்கிற துண்டை எடுத்து வடிகட்டிவிட்டால் தீர்ந்தது. “வௌவாலுக்குத் தெரியாத ருசியா நமக்குத் தெரிஞ்சிடப் போவுது? அது வாய் வச்ச கலயந்தான்டா தேனு” என்பார். மூங்கில் தட்டி பின்னி மரத்தின் கழுத்தை மூடுகிற வழக்கமும் எங்கள் பக்கத்தில் இருந்ததுதான். யார் மெனக்கெடுவது? அவரை மட்டும் சொல்லி என்ன, ஊரே அப்படித்தான் குடித்தது. கூனல் மரத்துக் கலயத்தை மட்டும் அவர் விற்கமாட்டார், வேண்டியவர்களுக்கென்று ஒதுக்கி வைப்பார்.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கென்று இருந்த ஒரே உயிர் மகள் ஜொரினா. அந்த மாக் மாதக் குளிரில் அவள் வயிற்றில் பிள்ளையோடு, புருஷன் ஹஸ்மத்தைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். தோராப் அலிக்குத் தலைகால் புரியவில்லை. குளத்துக்கு அக்கரையில் இருக்கும் அக்கா ஃபுல்ஜானை விடிகாலையிலேயே வரவழைத்துப் புது அரிசியில் பிட்டாப் பலகாரம் சுடச் சொன்னார். கூனல் மரத்துக் கலயத்தை அவரே இறக்கி, அவரே வடிகட்டி, மருமகன் கையில் குவளையைக் கொடுத்தார்.

“குடிங்க மாப்பிள்ளை. இது சந்தையில கிடைக்கிற சரக்கில்ல.”

“போதும் மாமா, வயிறு வெடிச்சிடும்.”

“வெடிச்சா தைச்சுக்கலாம். இன்னொண்ணு போடுங்க.”

ஜொரினாவும் கையை நீட்டினாள். அடுப்படியிலிருந்த ஃபுல்ஜான் எட்டி அந்தக் கையில் ஒரு தட்டுத் தட்டினாள். “ஏண்டி, வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு பனிச்சாறு கேக்குதா உனக்கு? அதுக்குச் சளி புடிச்சிக்கும். போடி அந்தாண்ட.”

விடிகாலைச் சுபுஹு தொழுகை முடித்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த முன்ஷியையும் தோராப் அலி விடவில்லை. எங்கள் மசூதியில் தொழ வைக்கிறவர் அவர். கலயத்தின் அடியில் மிச்சமிருந்ததைக் குடித்துவிட்டு, “தோராப், சொர்க்கத்துல ஓடுற ஆறு இப்படித்தான் இருக்கும்போல” என்று சொல்லி தாடியைத் துடைத்துக்கொண்டு போனார். அதைக் கேட்டு நம்ம ஆளுக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் ஆட்கள் புத்தி பேதலித்துச் சாகிறார்கள் என்ற பேச்சு அப்போதே டீக்கடையில் அடிபட்டது. ஒருவன் செத்தான், அவனைப் பார்த்துக்கொண்ட அவன் அம்மா செத்தாள் என்றார்கள். ஜின் காற்று என்றார் ஒருவர். அந்த ஊர்க்காரன் யோக்கியதைக்கு இதுவும் வேண்டும் இன்னமும் வேண்டும் என்றார் இன்னொருவர். சிரித்தோம். ஆறு நடுவில் இருக்கிற தைரியம் எங்களுக்கு.

அடுத்த சந்தை கூடுவதற்குள் ஹஸ்மத் படுத்துவிட்டான். முதலில் தலைவலி என்றான். பிறகு காய்ச்சல் அனலாகக் கொதித்தது. மறுநாள் ஜொரினாவைப் பார்த்து, “யாரு இந்தப் பொம்பளை? எதுக்கு என் பக்கத்துல உக்காந்திருக்கா?” என்று கேட்டான். அவள் அழுதுகொண்டே அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வாயோரம் வழிந்த கோழையைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். கஞ்சியை ஊட்டி, அவன் வேண்டாமென்று தள்ளியதைத் தானே குடித்தாள். எங்கள் பெண்கள் அப்படித்தான். சோற்றைக் கொட்ட மாட்டார்கள், புருஷன் எச்சில் என்று அருவருக்கவும் மாட்டார்கள்.

அதே நாட்களில் முன்ஷியும் படுத்தார். வயசானவர், தாங்கவில்லை. அவருடைய ஜனாஸா தொழுகையில் நின்றபோதே ஊருக்கு உள்ளூர நடுங்க ஆரம்பித்துவிட்டது. இனி ஆறு நடுவில் இல்லை. அதுவரை ஹஸ்மத்தைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் தோராப் அலியின் வாசல் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. கடுகு வயல் வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். டீக்கடையில் அவர் போய் நின்றால் கடைக்காரன் கண்ணாடி கிளாஸைத் தொடமாட்டான். “சிரட்டை கொண்டுவா தோராப் பாய், அதுல ஊத்துறேன். தப்பா எடுத்துக்காத, எனக்கும் புள்ளைக்குட்டி இருக்கு” என்றான். அவர் டீ குடிக்காமலே திரும்பினார். கோபப்பட்டிருந்தால்கூட எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

டாக்காவிலிருந்து வந்த மருத்துவக் குழு ஆற்றைத் தாண்டி எங்கள் ஊருக்கும் வந்தது. முகத்தை மூடிக்கொண்டு ஒரு டாக்டர் பெண், ஜொரினா வயசுதான் இருக்கும். ஹஸ்மத்தின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தாள். நாளை வண்டி வரும், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றாள். பிறகு தோராப் அலியை முற்றத்துக்கு அழைத்தாள்.

“இவரு பச்சை ஈச்சஞ்சாறு குடிச்சாரா ஐயா?”

“குளிர் காலத்துல குடிக்காதவன் யாரும்மா?”

“வௌவால் வாய் வச்ச சாறுல இருந்துதான் இந்த நோய் வருது. அதுக்கப்புறம் எச்சில்ல, மூச்சுல, கூட இருக்கிறவங்களுக்கும் தொத்திக்குது. செத்துப்போன முன்ஷியும் குடிச்சாரா?”

தோராப் அலி தூணைப் பிடித்துக்கொண்டார். தலையை மட்டும் ஆட்டினார். எந்த மரம், எந்தக் கலயம் என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஊற்றிக் கொடுத்தது இந்தக் கை. வேண்டாம் என்றவனுக்கு இன்னொன்று ஊற்றியதும் இதே கை. அப்போதுதான் அவருக்கு வேறொன்று உறைத்தது. ஜொரினா உள்ளே இருக்கிறாள், அவன் தலை அவள் மடியில் கிடக்கிறது.

“அந்தப் பொண்ணை உடனே தனியா வைங்க. இதுவரைக்கும் தொத்தாம இருந்தா அல்லா காப்பாத்தினாருன்னு வச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டு டாக்டர் பெண் ஒரு முகமூடியை அவர் கையில் கொடுத்தாள். ஜொரினாவிடமும் எடுத்துச் சொன்னாள். அவள் கேட்டால்தானே!

“என் புருஷனை நான் தொடாம வேற எவ வந்து தொடுவா? உங்க வேலையப் பாத்துட்டுப் போங்க.”

தோராப் அலி பெற்றவர். மகளுக்கு எதில் பயம் என்று அவருக்குத் தெரியும். குழு போன பிறகு வாசற்படியில் நின்று, வாழ்நாளில் சொல்லாத பொய்யைச் சொன்னார். “முன்ஷி கண்ணை மூடுறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒண்ணு சொல்லிட்டுப் போனாரும்மா. இது ஜின் காத்துதானாம். அவனை விட்டு எறங்கும்போது பக்கத்துல வயித்துப்புள்ளைக்காரி இருந்தா, புள்ளைமேல ஏறிக்குமாம்.”

ஜொரினாவின் கை தானாக வயிற்றுக்குப் போனது. செத்தவர் பெயரில் வந்த வார்த்தை. ஹஸ்மத்தின் தலையை மெல்லத் தலையணையில் இறக்கினாள். “நீ பாத்துப்பியா வாப்பா? கண்ணை எடுக்காம பாத்துப்பியா?” என்று கேட்டுக்கொண்டே, புருஷன் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து வெளியே போனாள். ஃபுல்ஜான் அவளைக் குளத்தைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போய்த் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள்.

அவர் பார்த்துக்கொண்டார். அதில் ஒரு குறை சொல்ல முடியாது. முகமூடியைக் கண்டு ஹஸ்மத் அலறினான், கழற்றி எறிந்துவிட்டார். கழுத்தைத் தாங்கித் தண்ணீர் கொடுத்தார். அவன் இருமியது முகத்தில் தெறித்தபோதும் கையை எடுக்கவில்லை. “மன்னிச்சுடு ராசா, மன்னிச்சுடு” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவனுக்குக் காது கேட்டதா என்பது அல்லாவுக்குத்தான் வெளிச்சம். வண்டி வருவதற்கு முன்பே அவன் மூச்சு நின்றுவிட்டது. குழுவின் ஆட்களே வந்து, கையுறை போட்டு, துணியில் சுற்றி அடக்கம் செய்தார்கள். ஜொரினாவுக்கு முகம் காட்டவில்லை. அக்கரையில் அவள் மண்ணை வாரித் தூற்றிக் கதறியது ஊர் முழுக்கக் கேட்டது.

அதன் பிறகுதான் நிஜமான பயம் தொடங்கியது. ஒவ்வொரு நாளும் பொழுது விடிந்ததும் தோராப் அலி இக்கரையில் வந்து நிற்பார். “தலை நோவுதாம்மா?” என்று கத்துவார். ஜொரினா முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். ஃபுல்ஜான்தான் பதில் சொல்வாள்: “காய்ச்சலும் இல்ல கத்திரிக்காயும் இல்ல. உம்மேலதான் கொதிக்கிறா. கட்டுனவன் மூஞ்சியக் காட்டலன்னு.”

“கொதிக்கட்டும் அக்கா. உடம்பு கொதிக்காம இருந்தா சரி.”

முன்ஷியின் மனைவி படுத்த செய்தி வந்தபோது அவருக்கு ஈரக்குலையே அறுந்துவிட்டது. அந்தம்மா சாறு குடித்தவளில்லை. புருஷனைப் பார்த்துக்கொண்டாள், அவ்வளவுதான். அப்படியானால் ஜொரினா? அவள் எத்தனை முறை அவன் எச்சிலைத் துடைத்தாள், எத்தனை வாய்க் கஞ்சி குடித்தாள்? சோறு இறங்கவில்லை அவருக்கு. ஒரு காலையில் ஜொரினா வாசலில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் அலறிய அலறலில் குளத்து வாத்தெல்லாம் சிதறி ஓடியது. “ராத்திரி முழுக்க அழுதா, தூங்கல. அதான் தலையப் புடிச்சிருக்கா. சும்மா ஊரைக் கூட்டாத” என்று ஃபுல்ஜான் சத்தம் போட்டாள். கிட்டே போய் நெற்றியில் கைவைத்துப் பார்க்க அவருக்கு வழியில்லை. தன் கையைத்தான் அவர் நம்பவில்லையே.

பிறகு ஒரு நாள் அவருக்கே தலை வலித்தது. பனி என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தார். அடுப்பைக் கூட்டியவருக்கு எதற்குக் கூட்டினோம் என்று மறந்துவிட்டது. அப்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் வழக்கம்போலக் கரைக்குப் போனார். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று யாராவது தேடி வருவார்கள். நிற்க முடியாமல் கூனல் மரத்தில் சாய்ந்துகொண்டார்.

“தலை நோவுதாம்மா?”

அன்றைக்கு ஜொரினா முதுகைக் காட்டவில்லை. குரலைக் கேட்டதுமே திரும்பிவிட்டாள். அப்பன் குரல் மகளுக்குத் தெரியாதா?

“வாப்பா? ஏன் ஒரு மாதிரி பேசுற?”

“ஒண்ணுமில்ல. பனி.”

“மூஞ்சி செவந்து கெடக்கு. உனக்குக் காய்ச்சலா? வாப்பா!”

இத்தனை நாள் கோபமும் ஒரு நொடியில் எங்கேயோ போய்விட்டது அவளுக்கு. வயிற்றைக் கையில் தாங்கிக்கொண்டு கரையைச் சுற்றி ஓடிவர ஆரம்பித்தாள். தடுக்கப் பார்த்த ஃபுல்ஜானைத் தள்ளிவிட்டாள். “வராத! நில்லு!” என்று தோராப் அலி கத்தினார். அவள் நிற்கவில்லை. மண்கட்டியை எடுத்து எறிந்தார், கைக்கு எட்டிய குச்சியை எறிந்தார். “எறி, நல்லா எறி. எனக்கு இருக்கிறது நீ ஒருத்தன்தான், உன்னையும் தனியா சாகவிட்டுட்டு நிப்பேனா?” என்று அழுதுகொண்டே வந்தாள். ஜின் காற்றுப் பொய் இப்போது செல்லாது என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. குளத்து மூலையைத் தாண்டிவிட்டாள். இன்னும் கொஞ்சம் விட்டால் அவர் தலை அவள் மடியில்.

“உன் புருஷனைக் கொன்னது நான்தான்டி!”

அவள் கால் தடுமாறி நின்றது.

“இதோ இந்த மரம். இந்தக் கலயத்துலதான் வௌவால் எச்சம் கெடந்துச்சு, என் கண்ணால பாத்தேன். பாத்துட்டுத்தான் வடிகட்டிக் குடுத்தேன். அவன் போதும்னான். நான் விடல. இன்னொண்ணு ஊத்தினேன். முன்ஷியும் என்கிட்ட ஒண்ணும் சொல்லல, ஜின்னும் இல்ல மண்ணும் இல்ல. அவன் மூஞ்சிய உன்னைப் பாக்கவிடாம பண்ணினது நான். இப்ப வர்றியா? வந்து எனக்குக் கஞ்சி ஊட்டப் போறியா?”

தோராப் அலி மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவள் அடியெடுத்து வைக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

பிறகு அவள் வாயைத் திறந்தாள். பெற்றவனைப் பார்த்து ஒரு பெண் சொல்லக் கூடாததையெல்லாம் சொன்னாள். நீ நாசமாப் போவ, உன் கை அழுகும், உன் மண்ணுமேல ஒரு பிடி மண்ணு போட நான் வரமாட்டேன் என்று, நின்ற இடத்திலேயே நின்று, தொண்டை கிழியக் கத்தினாள். ஊரே வெளியே வந்து நின்று கேட்டது.

தோராப் அலி ஒவ்வொரு வார்த்தையையும் காது கொடுத்துக் கேட்டார். எங்கேயாவது குழறுகிறதா, மூச்சு வாங்குகிறதா, சொன்னதை மறந்து தடுமாறுகிறாளா என்று. எதுவும் இல்லை. காய்ச்சல் கண்டவளின் குரல் இல்லை அது. “அப்படித்தான், அங்கேயே நின்னு திட்டும்மா” என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழ்போட்டுக்கொண்டார்.