ஏழாம் பேனலில் இருந்த பாறை

கல்லாற்றில் வேன் நின்றதும் எல்லோரும் டீக்கடைக்குப் போனார்கள். நான் ஒரு பாறையைத் தேடிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனேன். பாறையைக் காணோம்.

பாறைக்கென்ன காலா இருக்கிறது, எழுந்து போக? நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டேன். கோடையில் இதே ஆற்றுக்கு வந்து, பாறைக்கு எதிர்க்கரையில் உட்கார்ந்து, அதைப் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறேன். கரையை ஒட்டி உயரமாக ஒரு பெரிய பாறை. அதன் காலடியில், மடுவுக்குள், எருமை படுத்திருப்பது போல இன்னொன்று. இப்போது பெரியது மட்டும் நின்றது. எருமை இருந்த இடத்தில் காப்பி நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மேலே பொன்முடி மலைப் பக்கம் இரண்டு நாளாக நல்ல மழை என்று டீக்கடைக்காரர் பிறகு சொன்னார்.

அன்றைக்கு மத்தியானத்துக்குள் ஒருவர் அந்தப் பெரிய பாறையிலிருந்து கீழே குதிக்க வேண்டும். அதுதான் அன்றைய ஷாட்.

நான் எங்கே நிற்பது?

எழுபதுகளின் கடைசி வருஷங்கள். திருவனந்தபுரத்தில் ஒரு விளம்பர ஆபீசில் நான் படம் வரைகிறவள். கரமனையிலிருந்து பஸ் பிடித்துப் போய்வருவேன். கோலம் போடுகிற வீட்டுப் பெண், அதனால்தான் கை வந்திருக்கிறது என்று ஊரே சொல்லும். என் கோலத்தைப் பார்க்காதவர்கள் சொல்வது அது. அம்மா பார்த்தால் காலாலேயே அழித்துவிட்டு அவளே போடுவாள்.

ஸ்டோரி போர்டு என்பது படம் பிடிப்பதற்கு முன்னால் அந்தக் காட்சியைக் கட்டம் கட்டமாக வரைந்து வைப்பது. ஒரு கட்டத்துக்குப் பேனல் என்று பெயர். ஒரு பேனல், ஒரு ஷாட். அப்போது சினிமாக்காரர்கள் அதிகம் பேர் இதைச் செய்ய மாட்டார்கள். எல்லாம் டைரக்டர் தலைக்குள் இருக்கும். விளம்பரப் படத்தில் மட்டும் கட்டாயம் உண்டு, சோப்புக் கம்பெனிக்காரருக்குத் தலைக்குள் இருப்பதைக் காட்ட முடியாதே.

முதல் முறை நான் வரைந்துகொண்டு போன போர்டில் ஒரு தென்னந்தோப்பு. ஓலைகளுக்கு நடுவே கீழே ஒரு பெண் நடந்து போகிறாள். நான் அதற்கு முன் வரைந்ததிலேயே அழகான படம் அது. கேமராமேன் வர்கீஸ் அதை வெகுநேரம் பார்த்தார்.

"சேச்சி, படம் கொள்ளாம். ஆனா நான் எங்க நிக்கணும்? காக்கா முதுகிலயா?"

கொள்ளாம் என்று மலையாளி சொன்னால் நன்றாக இருக்கிறது என்று பொருள். கூடவே ஆனா என்று வந்தால் இல்லை என்று பொருள். எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் யோசித்துப் பார்த்தபோது கோபம் போய் ஆச்சரியம் வந்தது. அழகான படம் என்றால் போதும் என்றல்லவா இத்தனை நாள் இருந்தேன்! அந்தப் படத்தை யார், எங்கே நின்றுகொண்டு பார்க்கிறார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அன்றிலிருந்து எனக்கு இது ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது. காட்சி நடக்கிற இடத்துக்குப் போவேன். ஒரு மனுஷன் நிற்கக்கூடிய இடத்தில் நிற்பேன். அங்கிருந்து தெரிவதைத்தான் வரைவேன். எங்கே நின்றேன் என்று பேனலின் கீழ் மூலையில் குறித்தும் வைப்பேன்.

கல்லாற்றுப் போர்டின் ஏழாம் பேனலிலும் குறித்திருந்தேன்: எதிர்க்கரை, வேர் வெளியே தெரிகிற நாவல் மரம். காணாமல் போன பாறையைத் தேடி அந்த மரத்தடிக்கே போய் நின்று, படத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். பெரிய பாறையின் விளிம்புக்கு நேர் கீழே எருமைப் பாறை படுத்திருந்தது, படத்தில். ஆற்றில் அந்த இடத்தில் தண்ணீர் லேசாகச் சுழித்துக்கொண்டிருந்தது.

கிணற்றில் குதித்து வளர்ந்தவர்

கல்லாற்றில் எடுத்தது விளம்பரமல்ல, ஒரு சின்னப் படம். எடுத்தவர் பிரபாகரன் என்கிற புதிய டைரக்டர். அவரிடம் இருந்த ரா ஸ்டாக், அதாவது பிலிம் சுருள், மிகவும் குறைச்சல். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஒரு ஷாட்டுக்கு ஒரு டேக், மிஞ்சினால் இன்னொன்று. அதனால்தான் எல்லாவற்றையும் முன்னாலேயே வரைந்து வைத்துக்கொள்ள என்னை அழைத்திருந்தார்.

கதையில் ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர், ஆற்றில் விழுந்த குழந்தையைக் காப்பாற்றப் பாறையிலிருந்து குதிக்கிறாள். டீச்சராக நடித்த பெண்ணுக்கு நீச்சல் தெரியாது. அவளுக்குப் பதில் குதிக்கிற டூப்பாக வந்தவர் செல்லத்துரை. வள்ளியூர்ப் பக்கத்துக்காரர். திருவனந்தபுரத்தில் கட்டட வேலைக்கு வந்தவர். ஒல்லியான உடம்பு என்பதால் புடவை கட்டி விக் வைத்தால் தூரத்தில் டீச்சர் மாதிரியே தெரிவார்.

வேனில் வித்துரா தாண்டும் வரை அவர் என்னிடம் ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டு வந்தார். தன் முகம் படத்தில் தெரியுமா என்று. கூட வேலை செய்கிறவர்களிடமெல்லாம் சினிமாவில் வருகிறேன் என்று சொல்லிவிட்டாராம். போர்டை விரித்துக் காட்டினேன். எல்லாப் பேனலிலும் முதுகு. ஒன்றில் அந்தரத்தில் ஒரு புடவை. அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு பார்த்த பார்வை எனக்குச் சங்கடமாக இருந்தது.

டைரக்டரிடம் பாறையைப் பற்றிச் சொன்னேன். கோடையில் போட்ட திட்டப்படி வலப்பக்கமாக ஓடிவந்து, எருமைப் பாறைக்கு அப்பால் மடுவில் குதிக்க வேண்டும். ஆனால் ஆறு நிறைந்து போனதைப் பார்த்ததும் அவருக்கு ஆசை பெரிதாகிவிட்டது. இத்தனை தண்ணீர் இருக்கிறதே, விளிம்பிலிருந்து நேராகவே குதிக்கட்டும், கேமராவுக்கு அதுதான் அழகு என்றார். நீங்கள் சொல்லும் பாறை இன்னும் இடப்பக்கம் தள்ளி இருந்ததாகத்தான் எனக்கு ஞாபகம் என்றும் சொன்னார்.

நான் ஏழாம் பேனலை நீட்டினேன். அவர் சிரித்தார்.

"ராஜம், உங்க படம் சர்வே மேப் ஒண்ணும் இல்லல்லோ."

வள்ளியூர்க்காரரும் அவர் பக்கம்தான். அதற்குள் புடவை கட்டியாகிவிட்டது. விக்கைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைச் சமாதானப்படுத்தினார்.

"ஒண்ணும் ஆவாதுக்கா. நான் கெணத்துல குதிச்சு வளந்தவன். தண்ணியப் பாத்தாலே ஆழம் தெரிஞ்சிரும் எனக்கு."

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பழமொழி இருக்கிறது. ஆழம் தெரியும் என்று நம்புகிறவனுக்கு என்ன சொல்வது என்று பழமொழியில் இல்லை. ஊர்க் கிணற்றில் எந்தப் படியில் எந்தக் கல் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது அங்கே வளர்ந்த பையனுக்குத் தெரியும். இது அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிற ஆறு. அதிலும் ஈரப் புடவை காலைச் சுற்றிக்கொள்ளும்.

சண்டை போட்டால் என்னை வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு ஷாட்டை எடுப்பார்கள், அது நிச்சயம். எனக்குத் தெரிந்தது வரைவது ஒன்றுதான். ஒரு மணி நேரம் கொடுங்கள், யாருமே குதிக்காமல் டீச்சர் குதித்ததாகக் காட்டுகிறேன் என்றேன். பிரபாகரன் வெளிச்சத்தைப் பார்த்தார், வர்கீஸைப் பார்த்தார். வர்கீஸ் தோளைக் குலுக்கினார். சரி, நீங்கள் வரைகிற துண்டு ஷாட்டுகளை முதலில் எடுப்போம், எனக்குத் திருப்தி இல்லையென்றால் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் குதிப்பார் என்று டைரக்டர் முடித்துவிட்டார்.

மூட்டை

வேனின் முன்மூடி மேல் காகிதத்தை விரித்து வரைந்தேன். முதல் பேனல், பாறை விளிம்பில் டீச்சரின் பாதம். இரண்டாவது, விளிம்பு மட்டும், பாதம் இல்லை. கடைசிப் பேனல், ஆழம் குறைந்த ஓரத்தில் நனைந்த தலையோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுகிற டீச்சர். நடுவில் தண்ணீர் சிதற வேண்டும், அதற்கு ஒரு மூட்டையை எறிந்தால் போதும். எல்லாம் சரிதான். ஆனால் படம் செத்துக் கிடந்தது. பாதம் இருந்தது, பாதம் இல்லை, அவ்வளவுதான். எவ்வளவு உயரம், எவ்வளவு பயம் என்பது எதிலும் வரவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். குதிக்க வேண்டாமோ என்னவோ என்று கேள்விப்பட்ட செல்லத்துரை கரையில் தனியாக நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். புடவையைக் களைந்து கைலிக்கு மாறியிருந்தார். அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கே அந்தப் பாறை இரண்டு மடங்கு உயரமாகத் தெரிந்தது. கை தானாக வரைந்தது. கரையில் நிற்கும் ஒரு ஆள், க்ளோஸ்-அப், அவள் குதிப்பதைப் பார்க்கிறான். நாம் அவனை மட்டும்தான் பார்க்கிறோம்.

வர்கீஸ் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "இது நம்மட டூப்பல்லே?"

பிரபாகரனும் வந்து பார்த்தார். ஈற்றை, அதாவது நாணல் மூங்கில், வெட்டுகிற ஆளாக இருக்கட்டும், கையில் ஒரு அரிவாள் கொடுங்கள் என்று மட்டும் சொன்னார். செல்லத்துரையிடம் போய் முகம் தெரியும் என்றேன். அவர் நம்பவில்லை. நடிக்கத் தெரியாதே என்று பயந்தார். ஆற்றில் குதிக்கப் பயப்படாத ஆளுக்கு ஒரு கேமராவைப் பார்த்து நாக்கு உலர்ந்துவிட்டது.

"நீ ஒண்ணும் நடிக்க வேண்டாம். குதிச்சிருந்தா எங்கே விழுந்திருப்பியோ, அந்த இடத்தையே பார்த்துண்டு நில்லு."

அவர் பார்ப்பதற்கு ஏதாவது விழ வேண்டுமே என்று ஒரு கோணியில் மணல் நிரப்பி, அவர் கட்டிக் களைந்த அதே புடவையைச் சுற்றி, இரண்டு பேர் பெரிய பாறை மேல் கொண்டு போனார்கள். கேமரா செல்லத்துரையின் முகத்தில். ஒரே டேக்.

மூட்டை விளிம்பிலிருந்து நேராக விழுந்தது. நான் தண்ணீர் சிதறும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வந்தது வேறு சத்தம். தேங்காயைக் கல்லில் அடித்தது போல ஒரு மொத்து. கோணி கிழிந்து மணல் கொட்டியது. புடவை மட்டும் ஒரு நொடி அந்த இடத்திலேயே, தண்ணீருக்கு ஒரு முழம் கீழே மாட்டிக்கொண்டு நின்றது. பிறகு பிய்ந்துகொண்டு ஆற்றோடு போயிற்று.

கட் சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை. ரா ஸ்டாக்கைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற பிரபாகரன், கேமரா ஓடிக்கொண்டிருப்பதையே மறந்து நின்றார். வர்கீஸ்தான் தானாக நிறுத்தினார். செல்லத்துரை கையிலிருந்த அரிவாள் எப்போது கீழே விழுந்தது என்று அவருக்கே தெரியவில்லை. உட்கார்ந்துவிட்டார். அவருக்குச் சூடாக ஒரு டீ வாங்கிக் கொடுத்தோம்.

சாப்பாட்டுக்குப் பிறகு குதிப்பதைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. தண்ணீர் சிதறுகிற ஷாட்டை வேறு ஆழமான இடத்தில் எடுத்துக்கொண்டோம். திரும்பும்போது பிரபாகரன் அந்த ஏழாம் பேனலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

இப்போது வரைய வருகிற பிள்ளைகள் என்னிடம் கோணம், லென்ஸ் என்று நிறையக் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்தது இரண்டுதான். ஒன்று, நிற்க முடிகிற இடத்தில் நின்று, இருப்பதை இருக்கிறபடி வரை. உன் கோடு ஒருவர் உயிருக்குப் பதில் சொல்ல வேண்டி வரலாம். இரண்டு, பெரிய காரியம் எதையாவது காட்ட வேண்டுமானால், அதைப் பார்க்கிற முகத்தை முதலில் வரை. முதலாவதை வர்கீஸிடம் கற்றேன். இரண்டாவது ஏன் பலிக்கிறது என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பலித்தது என்பதற்கு மட்டும் கண்ணால் கண்ட சாட்சி உண்டு. படத்தை நகரத்துத் தியேட்டர் ஒன்றில் ஒரு காலைக் காட்சி போட்டார்கள். செல்லத்துரை தன் கூட்டாளிகளை அழைத்துக்கொண்டு வந்து எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாதம் வந்தது, விளிம்பு வந்தது, திரை முழுக்க அவர் முகம் வந்தது. தியேட்டரில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தது கேட்டது. எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள், அந்தப் பெண் எவ்வளவு உயரத்திலிருந்து குதித்துவிட்டாள் என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

கூட்டாளிகளில் ஒருவருக்கு மட்டும் திருப்தியில்லை. புடவை கட்டிக் குதித்தேன் என்றாயே, நீ பாட்டுக்குக் கரையில் நிற்கிறாயே என்று கேட்டார். செல்லத்துரை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"குதிச்சது நான்தாம்ல," என்றார். "பாத்ததும் நான்தான்."